நூறு கல்யாணத்தம்மாவும் மூன்று பக்கங்களும்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நூறு கல்யாணத்தம்மா' என்றால்தான் வாசல் காவலருக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். இதுவரை எழுதியது நூற்றுப் பதினோரு காதல் நாவல்கள். அத்தனையிலும் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். ஊர்ப்பட்ட பேருக்குக் கல்யாணம் செய்துவைத்த கை அது. சொந்த மகளின் கல்யாணம் மட்டும் மூன்றே வருஷத்தில் முறிந்தது. அந்த மகள் பதினான்கு மாதமாக அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முறிந்த கல்யாணத்துக்கு அம்மா காரணம் இல்லை. பேசாமல் போனதற்கு நூற்றுக்கு நூறு அம்மாதான் காரணம்.

அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால், இந்த மனுஷி வேலை செய்கிற லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைத் துடைத்துவிட்டு உட்காருவார். கணினி எல்லாம் கிடையாது. கோடு போடாத தாள், நீல மைப் பேனா. ஒரு பக்கம்தான் எழுதுவார், பின்பக்கம் காலி. தாளை இழுத்ததும் கை முதலில் மேல் மூலையில் பக்க எண்ணைப் போட்டுவிடும். மளிகைச் சாமான் எழுத உட்கார்ந்தால்கூட மூலையில் ஒரு எண் இருக்கும். வசனங்களை வாய்விட்டுப் பேசிப் பார்த்துத்தான் எழுதுவார். "என்னை விட்டுப் போய்விடாதே!" என்று இவர் இங்கே உருகினால், உள்ளே இருந்து கணவர், "எங்கேயும் போகல, குளிக்கத்தான் போறேன்" என்பார். தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கணவர் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி எழுதியதில் ஒரே ஒரு நாவல்தான் படித்திருக்கிறார், முதல் நாவல். படித்து முடித்துவிட்டு, "யார் இந்த உயரமான ஆளு? நமக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒரு வாரம் ரகளை நடந்தது. அன்றோடு மனைவி எழுத்தில் ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை என்று முடிவு செய்தார், இன்றுவரை அதைக் காப்பாற்றியும் வருகிறார். பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

டைப்பிஸ்ட் ஒருவர் உண்டு. கையெழுத்துப் பிரதியை வாங்கிப் போய் அச்சுக்கு ஏற்றபடி அடித்து நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்புவது இருபது வருஷமாக அவர் வேலை. ஆரம்ப காலத்தில் அவர் ஒருமுறை, "மேடம், நாலாம் அத்தியாயத்துல இவருக்கு மீசை இருந்துச்சே?" என்று கேட்டுவிட்டார். "அடிக்கிற வேலையோட நிறுத்திக்குங்க, மீசை இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் வாயைத் திறந்ததே இல்லை. நாவலாசிரியையோ முடித்த கதையைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பிழை திருத்தப் பதிப்பகத்திலிருந்து வருகிற தாள்கள் கட்டுப் பிரிக்காமலே திரும்பிப் போகும்.

இனி மகள் விஷயம். அவள் வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். விவாகரத்து முடிந்து வீட்டுக்கு வந்தவள், நாலு நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சமையலறையில், குழாயில் கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "அவர் நல்லவர்தாம்மா. நல்லவர் கூட இருக்கறது இவ்வளவு தனியா இருக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலை."

வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் மகளைக் கட்டிப்பிடித்திருப்பாள். இந்த அம்மாவும் மகளின் ஈரக் கையைத் துடைத்துவிட்டார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மகள் தூங்கப் போனதும் மேசைக்கு வந்து அந்த வரியை அப்படியே ஒரு தாளில் இறக்கிவைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அது நூற்றுப் பதினோராவது நாவலில் வந்தது. உள்ளே வந்தாலாவது பரவாயில்லை. பதிப்பாளர் அதைப் பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போட்டார். மகள் வேலை பார்க்கிற இடத்தில் ஒருத்தி அதை அவளுக்கே வாசித்துக் காட்டினாள், "என்னமா எழுதியிருக்காங்க உங்கம்மா!" என்று.

மகள் அன்றைக்கு அப்பாவுக்கு போன் செய்தாள். "இனிமே அம்மா இருக்கற ரூம்ல நான் வாயைத் திறக்க மாட்டேன்பா" என்றாள். சொன்னபடியே நடந்துகொண்டாள். ஞாயிறுதோறும் அப்பாவோடு பேசுவாள். அவர் பால்கனியில் நின்று பேச, அம்மா கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டிருப்பார். மகள் சாப்பிட்டாளா, இளைத்துவிட்டாளா, யாராவது துணைக்கு இருக்கிறார்களா, எதுவும் தெரியாது. கணவரைக் கேட்டால், "நல்லா இருக்கா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் ஒரு வாரத்தை ஓட்ட வேண்டும்!

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தார். அங்கேதான் வினையே. 'என்னை மன்னிப்பாயா' என்று எழுதினால், அது நாற்பதாவது நாவலில் விமானி சொன்னது. 'நீ இல்லாத வீடு வீடாக இல்லை' என்றால், அது எழுபத்து மூன்றில் தேயிலைத் தோட்டத்து முதலாளி மழையில் நனைந்துகொண்டு சொன்னது. எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் அதை ஏற்கெனவே எவனோ உயரமான ஒருவன் சொல்லியிருந்தான். பதினோரு கடிதம் கிழிந்தது. "நாசமாப் போக!" என்று பேனாவைத் தூக்கி எறிந்து, பிறகு அதைத் தேடிச் சோபாவுக்கு அடியில் குனிந்ததில் இடுப்பும் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டாவது கடிதத்தை ஒரு காலையில், நாவல் வேலை தொடங்குவதற்கு முன்னால், எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதினார். 'உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூட ஷூ கடிக்கிறது என்று வந்து சொன்னாய். நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிராமல் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். சாயந்திரம் உன் காலுறையைக் கழற்றினேன், குதிகாலில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. நீ அழவில்லை. இப்போது நீ வந்து சொன்னதையும் நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.' இந்த மாதிரி மூன்று பக்கம். முந்தின நாள் நாவல் 186ஆம் பக்கத்தில் நின்றிருந்தது. அதனால் கை வழக்கம்போல் கடிதத்தின் மூலையில் 187, 188, 189 என்று போட்டுவிட்டது. அவர் கவனிக்கவில்லை. கடிதத்துக்கு ஒரு கிளிப்பைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு நாவலை எடுத்தார். கதாநாயகனான டாக்டரும் கதாநாயகியும் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொள்கிற கட்டம். அதுவும் மூன்று பக்கம். அதற்கும் 187, 188, 189. அன்றன்றைக்கு எழுதியதற்கு ஒரு கிளிப் போடுவது வழக்கம், அதனால் அதற்கும் ஒரு கிளிப்.

பத்து நாளில் நாவல் முடிந்தது. இந்தப் பத்து நாளும் கடிதம் மேசையின் மூலையிலேயே கிடந்தது. அனுப்பத் தைரியம் வர வேண்டாமா? ஒருவழியாகத் தைரியம் வந்த அன்று பல்வலியும் சேர்ந்து வந்தது. பல் மருத்துவரிடம் கிளம்பியவர் வாசலில் நின்று, "ஏங்க, மேசை மேல மூணு பக்கம் கிளிப் போட்டு இருக்கு. கவர்ல போட்டு அவளுக்கு அனுப்பிடுங்க. மத்ததெல்லாம் டைப்பிஸ்ட் வந்தா குடுத்துடுங்க" என்றார்.

மேசையில் மூன்று பக்கக் கட்டு இரண்டு இருந்தது. வேறு ஆளாக இருந்தால் ஒரு வரி படித்துப் பார்த்திருப்பார். இவர்தான் படிக்க மாட்டாரே! கைக்கு எட்டியதை எடுத்துக் கவரில் போட்டு, ஒட்டி, தபால்பெட்டியில் சேர்த்துவிட்டு வந்து டீ குடித்தார்.

கவர் போய்ச் சேர்ந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் நரகமாயின.

"கேட்டீங்களா?"

"எதை?"

"கவர் வந்துச்சான்னு!"

"வந்துச்சாம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலையே."

"ஒண்ணுமேவா? நீங்க என்னதான் கேட்டீங்க?"

"கவர் வந்துச்சான்னு கேட்டேன். வந்துச்சுன்னா. வேற என்ன கேக்கச் சொல்ற?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு எப்படித்தான் நூற்றுப் பன்னிரண்டு காதல் கதை எழுதினேனோ என்று சமையலறையில் பாத்திரங்களைக் கேட்டார் அம்மாள். மன்னிப்புக் கேட்டும் மகள் மனசு இரங்கவில்லை என்று இரண்டு மாதம் வெந்துகொண்டிருந்தார்.

பிறகு புத்தகம் வெளிவந்தது. மூன்றாம் நாள் பதிப்பாளர் போன் செய்தார். குரலில் ஈரம்.

"அம்மா, முப்பது வருஷமா உங்களைப் போடறேன். பதினாறாம் அத்தியாயம் மாதிரி நீங்க எழுதினதே இல்ல. கதாநாயகியோட அம்மா, ரெண்டாம் அத்தியாயத்துலயே செத்துப்போனவங்க, அவங்க கடிதத்தைத் திடீர்னு அங்க கொண்டுவந்து வெச்சீங்க பாருங்க! அந்தக் காலுறை! எங்க வீட்டுல எல்லாரும் அழுதாங்க. லிஃப்ட் சீன் வரும்னு சொல்லியிருந்தீங்க, நல்லவேளை எடுத்துட்டீங்க."

அம்மாள் போனை வைத்தார். எழுதிய புத்தகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் திறந்தார். பதினாறாம் அத்தியாயத்தில், அச்செழுத்தில், அவருடைய மகளின் குதிகால் இருந்தது. அப்படியானால் மகளுக்குப் போனது எது? லிஃப்ட்! டாக்டர் அவள் கூந்தலை ஒதுக்கி, 'உன் மூச்சுக்காற்று போதும் எனக்கு' என்று சொல்கிற லிஃப்ட்!

டைப்பிஸ்டை போனில் பிடித்தார். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"பக்க எண் சரியா இருந்துச்சு மேடம்" என்றார் அவர்.

கணவரிடம் போனார். "கவர்ல போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி படிச்சிருக்கக் கூடாதா?"

"நான் படிக்க மாட்டேன்னு உனக்குத்தான் தெரியுமே" என்றார் அவர், நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்கிற தோரணையில். இவர்கள் இருவரையும் என்ன செய்வது? இருவரையும் இப்படிப் பழக்கிவைத்ததே தான்தான் என்பது உறைத்தபோது கோபத்தைக் கொட்ட ஆளில்லாமல் போனது. புத்தகத்தை மூடி அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் அவருடைய போனே அடித்தது. மகள்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கவர் அனுப்பின" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள். "பிரிச்சா லிஃப்டுக்குள்ள ஒரு டாக்டர் கொஞ்சிக்கிட்டு நிக்கறான். எனக்கு விவாகரத்து ஆனதுக்கு நீ நக்கல் பண்றேன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதேன். இன்னிக்கு லேப்ல பக்கத்து சீட்டு அக்கா உன் புக்கை வெச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சறாங்க. என்னன்னு வாங்கிப் பாத்தா, என் ஷூ! என் ரத்தம்!"

"அதை நான் அச்சுக்குக் குடுக்கலடி. அப்பா கவர் மாத்திப் போட்டு..."

"அப்பா மேல போடாத."

"டைப்பிஸ்ட் கூட ஒரு வார்த்தை..."

"அவர் மேலயும் போடாதம்மா!" குரல் உடைந்தது. "என்கிட்ட மன்னிப்புக் கேக்கறதைக்கூட ஊரே படிச்சப்புறம்தான் நான் படிக்கணுமா? எனக்கு மட்டும்னு ஏதாவது வெச்சிருக்கியா? இருந்தா இப்பச் சொல்லு. வாயால சொல்லு. கேக்கறேன்."

அம்மாள் வாயைத் திறந்தார். வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன, ஒவ்வொன்றும் எந்த நாவல், யார் சொன்னது என்ற அடையாளத்தோடு. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அவருடைய கதைகளில் பெண்கள் அழுதால் கன்னத்தில் ஒரு துளி உருளும். இவருக்கு மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது, முகத்தைச் சமையலறைக் கைப்பிடித் துணியால் துடைத்ததில் கண்ணில் மிளகாய்க் காரம் வேறு ஏறியது.

"எனக்கு..." என்றார். "எனக்கு ஒண்ணும் வரலடி. எவ்வளவு யோசிச்சாலும் ஒண்ணுமே வரல."

எதிர்முனையில் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று பயந்து, "இருக்கியாடி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"இருக்கேன்" என்றாள் மகள். "நீ இப்பச் சொன்னியே, இது எந்தப் புக்குலயும் இல்லம்மா" என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். அப்பா எடுக்க வேண்டாம், நீ எடு" என்றாள்.