தலைக்கு ஒரு டிக்கெட்

பழனிசெட்டிபட்டியில் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை அனுப்புகிறவள் அன்னத்தாய். அவளையும் சேர்த்துப் பதினான்கு பேர். யாருக்கு எந்த வீடு, எப்போது என்ன மருந்து என்பதெல்லாம் அவளே கட்டிய வலைத்தளத்தில் இருந்தது. கணினி நிரல் எழுதத் தெரியாது. ஒரு மென்பொருளில், திரையில் பெட்டிகளை இழுத்து வைத்தே கட்டினாள். மருந்து கொடுத்தவள் தன் பேரில் நுழைந்து பதிய வேண்டும் என்பது கட்டளை. போன வருஷம் எல்லாரும் ஒரே நோட்டில் கிறுக்கி, சின்னமனூர்ப் பெரியவருக்கு இன்சுலின் இரண்டு முறை ஏறிவிட்டது. அவர் பிழைத்ததே பெரிய காரியம்.

மாலை நான்கு மணிக்கு மென்பொருள் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. இலவச மாதம் ஐந்து மணிக்கு முடிகிறது. தொடர்ந்தால் மாதம் பதினோராயிரத்து இருநூறு. சேரும்போது அவள் படித்தது மாதம் எண்ணூறு.

"எல்லாரும் ஒங்க பாஸ்வேர்டுலயே நுழைஞ்சுக்கிறோம்க்கா, யாரு கண்டா?" என்றாள் உடன் வேலை பார்க்கும் ஹேமாவதி.

"எல்லாரும் அன்னத்தாய்னா, ஊசி போட்டது எந்த அன்னத்தாய்டி?"

அந்த மென்பொருளை அறிமுகம் செய்த தேனி விஜயகுமாரைப் போனில் பிடித்தாள். "ஏலத்தோட்டத்துக்குப் பிடிக்கிற ஜீப்பு மாதிரின்னுல்ல நெனச்சேன் தம்பி? எத்தனை பேரு ஏறினாலும் ஒரே வாடகைன்னு."

"இது பஸ்சுக்கா. தலைக்கு ஒரு டிக்கெட். பதினாலு பேரையும் எடிட்டரா ஏத்தி வச்சிருக்கீக. தளத்தை மாத்துறவுகளுக்குத்தான் லைசென்ஸ். பாக்கிறதும் படிவம் நெரப்புறதும் சும்மா."

"படிவத்துல பேரு?"

"அவுகளே அடிக்கணும்."

யார் பேரையும் யாரும் அடிக்கலாம்; அது அன்னத்தாய்க்குப் பிடிக்கவில்லை. ஆனால் மணி நாலே முக்கால். பழைய பதிவுகளை இறக்கி வைத்தாள். படிவத்தை எல்லாருக்கும் அனுப்பினாள். தன்னையும் ஹேமாவதியையும் விட்டுப் பன்னிரண்டு பேரை நீக்கி, இருவருக்கு ஆயிரத்து அறுநூறு கட்டியபோது இரண்டு நிமிஷம் மிச்சம்.

ஆறரைக்குச் சின்னமனூர்ப் பெரியவர் வீட்டிலிருந்து படிவம் வந்தது: முருகம்மாள், இன்சுலின் பத்து யூனிட். அடுத்த நிமிஷமே இன்னொன்று. அதே பேர், அதே பத்து யூனிட்.

அன்னத்தாயின் கை போனுக்குப் பாய்ந்தது. "முருகம்மா, எத்தனை ஊசி போட்ட?"

"ஒண்ணுதான்க்கா. போன்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு, திரும்ப அமுக்கினேன்."

"சொன்னதை நம்ப மாட்டேன். பெட்டியத் தொற. காலையில வச்சது ஆறு புது சிரிஞ்சு. எண்ணு."

முருகம்மாள் சத்தமாக எண்ணினாள். ஐந்து.

"சரி, அவருக்குச் சாப்பாட்டைக் குடு" என்றாள் அன்னத்தாய். இரண்டாவது படிவத்தை அழித்துவிட்டு, ஒருமுறைக்கு மேல் அனுப்ப முடியாதபடி படிவத்தின் பொத்தானைப் பூட்டுவது எப்படி என்று தேட ஆரம்பித்தாள்.