கெங்கம்மா குறைத்த சோறு

கெங்கம்மாவுக்குச் சோறு என்றால் உயிர். காலையில் ஒரு சட்டி பழையது, மத்தியானம் மீன் குழம்பு ஊற்றி ஒரு குவியல், ராத்திரி மிச்சத்தை வழித்து இன்னொன்று. நொச்சிக்குப்பத்திலிருந்து மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு மீன் கூடை சுமக்கிற உடம்புக்கு அது வேண்டித்தான் இருந்தது.

யுத்த காலம். புருஷனுக்குக் கருமாதி முடிவதற்குள்ளேயே அவன் கட்டுமரத்தைக் கொழுந்தன் குப்பன் எடுத்துக்கொண்டான். "சாவறதுக்கு முன்ன அண்ணன் எனக்குத்தான் குடுத்தாரு" என்றான். அந்த மரத்தில் கடலுக்குப் போகிற லாசருக்கும் பொன்னுரங்கத்துக்கும் அது பொய்யென்று தெரியும். இனிமேல் சோறு போடப்போகிறவன் குப்பன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

பிறகு காலில் கிளிஞ்சல் கிழித்த புண் ஆறாமல் நின்றது. ஆசுபத்திரி டாக்டர் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாகிவிட்டது.

"சர்க்கரை வியாதிம்மா. சோத்தைக் குறைக்கணும். ஒரேயடியா நிறுத்திட்டு மயங்கி விழாதே. கொஞ்சம் கொஞ்சமா."

"கொறைக்கலேன்னா?"

"முதல்ல காலு போகும்."

நொண்டிக்கொண்டே குப்பத்துக்குத் திரும்பியவள், காய்ந்துகொண்டிருந்த வலைக்கு அந்தப்பக்கம் குப்பன் தன் பெண்டாட்டி தங்கத்திடம் பேசுவதைக் கேட்டாள்.

"அண்ணி இந்த ஆடியத் தாண்டாது. அது பூட்டா குடிசையும் நமக்குத்தான்."

கெங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. உன் ஆட்டம் அடங்குவதைப் பார்த்துவிட்டுத்தான்டா போவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதலில் ராத்திரிச் சோற்றில் ஒரு பிடி குறைத்தாள். அது பழகியதும் இன்னொரு பிடி. அப்புறம் பழையதில் கை வைத்தாள். குறைத்த இடத்தை மீனும் முருங்கைக் கீரையும் மோரும் நிரப்பின. தின்னாத ரேஷன் அரிசி பானையில் சேர்ந்தது.

சாயங்காலம்தான் பொல்லாத நேரம். மார்க்கெட் முனையில் ஆப்பம் வேகும் வாசனைக்குக் கால் தானாக நின்றுவிடும். ஒரு நெத்திலிக் கருவாட்டை வாயில் அடக்கிக்கொண்டு, குப்பன் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக நினைப்பாள். பசி இருந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்காரும். ஒருநாள் அதுவும் பலிக்காமல், தேங்காய்ப்பால் ஊற்றி நின்றபடியே நான்கு ஆப்பம் தின்றுவிட்டாள். "அவனுக்குச் சீக்கிரம் குடிசையத் தூக்கிக் குடுக்கப் போறியாடி" என்று வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

தங்கம் வெல்லக் கொழுக்கட்டையோடு வர ஆரம்பித்தாள். "துன்னுக்கா, எளைச்சுப் பூட்டே."

"வச்சிட்டுப் போ. அப்பால துன்றேன்."

அவள் தலை மறைந்ததும் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவன் விழுங்கிய வேகத்தைப் பார்த்து, "இன்னாடா, அவன் சோறு போடறதில்லியா?" என்றாள்.

"அரிசி கெடைக்கலன்றாரு. கஞ்சித் தண்ணிதான்க்கா."

மறுநாள் பானையைத் திறந்தாள். அன்றிலிருந்து மரம் கரையேறியதும் அந்த இரண்டு பேருக்கும் அவள் வாசலில் சோறும் மீன் குழம்பும். அவர்கள் பிசைந்து உண்ணும்போது எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டை ஏறி இறங்கும். தொடமாட்டாள். மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கடைசியில் லாசரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அக்கா, அண்ணன் மரத்த அவருக்குக் குடுக்கல. எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறே?"

மறுநாள் விடியற்காலை இருவரும் குப்பனிடம் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தைச் சொன்னார்கள். குப்பத்தில் வேறு எவனும் அவனோடு துடுப்புப் பிடிக்க வரவில்லை. தனியாளாகக் கட்டுமரத்தைத் தள்ள முடியாமல் குப்பன் மணலில் உட்கார்ந்திருந்தான். சில நாள் கழித்து அவள் வாசலுக்கு வந்தான்.

"அண்ணி, அவனுங்கள வரச் சொல்லு. நாம ஒரே குடும்பம்."

"மரத்த இய்த்தாந்து இங்க போடு. அப்பால பேசலாம்."

ஊரே பார்க்க, கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு கட்டையாக மணலில் இழுத்துக்கொண்டு வந்து போட்டான். முதுகில் வியர்வை வழிய நிமிர்ந்து, "இப்ப பேசு அண்ணி" என்றான்.

"பேச இன்னா கீது?" உள்ளே போய்ப் படலைச் சாத்தினாள்.

அன்று மனசெல்லாம் குளிர்ந்தது அவளுக்கு. லாசரும் பொன்னுரங்கமும் மரத்தைக் கடலில் இறக்கினார்கள். காலில் புண் ஆறிக் கறுப்புத் தழும்பானது. குப்பன் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுத்தான். தங்கம் இரண்டு தடவை வந்து அழுதாள். கெங்கம்மா மீனை ஆய்ந்துகொண்டே இருந்தாள், நிமிரவில்லை. யுத்தம் ஓய்ந்த வருஷம் அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு காசிமேட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் பாடு கஷ்டமானது. ஒருநாள் மத்தியானம் அளவாகச் சாப்பிட்டு எழுந்தவள், மறுபடி வந்து சோற்றுச் சட்டியைத் திறந்தாள். பசியை அடக்க இனி யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. பிறகு சட்டியை மூடிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் நடந்தாள்.