இரண்டு தாளிலும் ஒரே இருமல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை. நிறங்கள் விலகாமல் விழுந்திருக்கிறதா என்று தாள்மேல் தாள் வைத்து வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவன். இதைக் கண்ணால் பார்த்தேன், அதுதான் சிக்கல்.

2006 தீபாவளி சீசன். கல்லூரியில் படிக்கும் என் மகள் மீனா, நெஞ்சு படபடக்கிறது என்றாள். அவள் அம்மாவும் இப்படித்தான் சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்பு விருதுநகரில் இசிஜி எடுத்து, நார்மல் என்று அனுப்பினார்கள், மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்தப் பழைய தாளையும் எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

இசிஜி எடுத்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. முதல்ல சின்ன மேடு, அது இதயத்தோட மேல் அறை. அடுத்து ஊசியாட்டம் நிக்குதுல்ல, அது கீழ் அறை சுருங்குறது. பொறவு உருண்டையா ஒரு மேடு, அது தளர்றது. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல நாலு பெரிய கட்டம், எல்லாம் ஒரே சீரா இருக்கு. நார்மல். உங்களுக்குத்தான் எடுக்கணும் போல!"

மீனா சிரித்தாள். நான் கைப்பழக்கத்தில் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எக்ஸ்ரே பார்க்கும் விளக்கில் வைத்தேன். மேட்டின்மேல் மேடு, ஊசியின்மேல் ஊசி, மயிரிழை விலகவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை எடுத்தால்கூட அப்படி விழாதாம். அதுகூடப் பரவாயில்லை. அன்று என் மனைவி நடுவில் இருமியதால், நாலாவது துடிப்பை அடுத்துக் கோடு கிறுக்கலாகியிருக்கும். மீனாவின் தாளிலும் அதே இடத்தில் அதே கிறுக்கல். மீனா இருமவே இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நர்ஸ் விளக்கைவிட்டு இரண்டடி பின்னால் போனாள். டாக்டர் எட்டிப் பார்த்து, "மிஷின் கோளாறா இருக்கும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கா? வாடகைக் கார் பிடித்து நேராக மதுரைக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன், கண் மூடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அங்கே எடுத்த இசிஜியும் நார்மல்தான். ஆனால் அதன் கோடு இந்த இரண்டோடும் பொருந்தவே இல்லை.

திரும்பும் வழியில் கேட்டேன்.

"சிவகாசில இசிஜி எடுக்கப் படுத்திருந்தப்ப எப்படிம்மா இருந்துச்சு?"

"படபடப்பு சட்டுனு நின்னுருச்சுப்பா. அம்புட்டு அமைதி. என் நெஞ்சு அடிக்கிறதே எனக்குத் தெரியல. சொன்னா நீங்க பயந்துருவீகன்னு பேசாம இருந்துட்டேன்."