சாய்ந்த மோட்டாரும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் முறுக்கு வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஈரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. ஓட்டி வந்தவள் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் சின்னப் பெண். பையைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று சொன்னால், என் முட்டியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஏதோ வேகமாக நடந்தேன். அதற்குள் அவள் மோட்டாருக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைகளைப் பின்னால் கொடுத்துப் பிடித்து, காலை ஊன்றித் தள்ளி நிமிர்த்திவிட்டாள். "பரவால்ல ஆன்டி, எனக்குத் தூக்கத் தெரியும் லா" என்றாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முறுக்குப் பையைக் கை மாற்றிப் பிடித்தேன்.

அவள் விழுந்த இடத்தில் கொஞ்சம் பெட்ரோல் சிந்திக் கிடந்தது. ஈரத் தரையில் பெட்ரோல் வாசனை வந்தால் நான் வளர்ந்த கிள்ளானுக்கு மனசால் போய்விடுவேன். அங்கே எங்கள் வீட்டு முன்னால் நாலு சக்கரக் காடி நிறுத்த ஓர் இடம் இருந்தது. காடிதான் இல்லை. அண்ணன் ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய மோட்டார் நின்றது. பக்கத்தில் பெயின்ட் டின்னில் அம்மாவின் கறிவேப்பிலைச் செடி. அந்தச் செடிக்குக் கிடைத்த கொஞ்சல் எங்கள் இருவருக்கும் கிடைத்ததில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. விடியற்காலை ஷிப்டு. அந்த நேரத்துக்குப் பஸ் சரிப்படாது, அண்ணனின் மோட்டாரில்தான் போக வேண்டும். போகாவிட்டால் அம்மா வேலை செய்யும் ரப்பர் கையுறை ஆலைதான், கையுறைக்குப் போடும் மாவு படிந்த அதே கைதான். எனக்கு அது வேண்டாம். எப்படியாவது போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து துடித்தது.

"ஓட்டத் தெரிஞ்சா போதுமா? விழுந்தா யாரு தூக்குவா? தனியா தூக்கிக் காட்டு, அப்புறம் போ" என்றார் அம்மா.

பழைய மெத்தையை விரித்து அதில் மோட்டாரைச் சாய்த்துப் போட்டுப் பழகினேன். முதலில் குனிந்து கையால் இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு எப்படியோ ஒரு மாலை, முதுகைக் கொடுத்தால் பாரம் காலுக்கு இறங்குகிறது என்று உடம்பே கண்டுபிடித்தது. மழை வரப்போகிற மாதிரி மங்கிய வெளிச்சம், தூரத்தில் ரயில் சத்தம், மெத்தையின் பஞ்சு வாசனை. எல்லாம் இப்போது நினைத்தால் தண்ணீருக்கடியில் நடந்தது போல இருக்கிறது.

அம்மாவுக்குக் காட்டும் நாளில்தான் வேஷம் போட்டேன். நம் ஊரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் காற்று படாமலிருக்கக் கனத்த ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி முதுகைத் திறந்து விடுவார்களே, அப்படியே நானும் மாட்டிக்கொண்டேன். கெத்தாகக் குந்தித் தள்ளினேன். மோட்டார் எழுந்தது. கூடவே முதுகில் தொங்கிய ஜாக்கெட் பிரேக்கில் மாட்டியது. மோட்டார் நிற்காமல் அந்தப் பக்கம் சாய, என்னையும் மல்லாக்க இழுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலை மேல் விழுந்தது.

அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். பிறகு எழுந்து வந்தார். என்னைத்தான் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். டின்னை மட்டும் நிமிர்த்தி வைத்தார்.

"செடிய நான் தூக்கிட்டேன். மத்தது உன் பாடு."

அழுகையும் ஆத்திரமுமாக ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தேன். இந்த முறை ஸ்டாண்டை முதலிலேயே இழுத்து விட்டேன். முதுகைக் கொடுத்துத் தள்ள, மோட்டார் எழுந்து ஸ்டாண்டில் சமர்த்தாக உட்கார்ந்தது. அம்மா கிட்டே வந்தார். சீட்டில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். மறுநாளே, வேலைக்கு வருகிறேன் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன்.

அப்புறம் எத்தனையோ விடியல்கள். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டார் பாதையில் முன்னால் போகிறவர்களின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மிதக்கும். எங்கிருந்தோ பிஸ்கட் வேகும் வாசனை வரும். மழை வந்தால் பாலத்தடியில் முன்பின் தெரியாதவர்களோடு ஒண்டி நிற்போம். சறுக்கி விழுந்தபோதெல்லாம் நான் எழுந்திருப்பதற்குள் நாலு பேர் மோட்டாரைத் தூக்கியிருப்பார்கள். நான் கற்ற வித்தையைக் காட்ட யாரும் விட்டதேயில்லை.

சாயங்காலம் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "இன்னைக்கு விழுந்தியா?" சாப்பிட்டியா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "இல்லம்மா" என்பேன். சில நாள் அது பொய். முட்டியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

மோட்டார் பழைய இரும்பு லோரியில் ஏறிப் போயிற்று. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அம்மா போன பிறகு கறிவேப்பிலையும் பட்டுப்போனது.

அன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து வீடு திரும்பி, காடியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன். உடனே இறங்க மனம் வரவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, வீட்டுக்குள்ளேயிருந்து அம்மாவின் அந்தக் கேள்வி வரும் என்பது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.