அவர் குடிப்பதில்லை என்று நான் சொன்னேன்

கருணாபுரத்தில் எங்கள் தெருவில் முதல் சாவு விழுந்த அன்று, என் வீட்டுக்காரர் பாடை கட்ட உதவப் போனார். மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "குடிச்சாரா?" என்பதுதான்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். நான் அதோடு விட்டிருக்கலாம். "குடிய வுட்டு ரெண்டு வருஷம் ஆவுதுங்க டாக்டர்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. எங்கள் தெருவில் அப்படிச் சொல்ல முடிந்த பெண்கள் அதிகம் இல்லை.

பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது. கரியாலூரில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போயிருந்தபோது, எங்கள் மகளின் தலையில் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் அவர். அன்றிலிருந்து அவர் சட்டையை மோந்து பார்ப்பதைக்கூட நான் நிறுத்தியிருந்தேன்.

வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். மதியத்துக்குள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக ஆம்புலன்ஸ் வரத் தொடங்கியது.

"இன்னாடி, வூடு இருட்டா இருக்குது? கதவத் தொற," என்றார் அவர்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் உச்சி வெயில்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. வராண்டா முழுக்க எங்கள் தெரு ஆட்கள். அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், கூட வந்த என் அண்ணன் முந்திக்கொண்டான்.

"குடிச்சாருங்க. சாவு வூட்டாண்ட கள்ளச்சாராய பாக்கெட் வாங்கினாரு. ரொம்ப நாளாவே குடிச்சிக்கினுதான் இருக்காரு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"தெருவுக்கே தெரியும். நீ சண்ட போடுவன்னுதான் யாரும் சொல்லல."

தண்ணீர்க் குழாயடியில், "உன் வூட்டுக்காரர் மாதிரி வருமா" என்று சொன்ன பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அவர் உயிர் பிழைத்தார். பார்வை திரும்பவில்லை. எதிர்வீட்டில் அப்பனும் மகனும் போய்விட்டதால், என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் முன்னால் என் கோபத்தை வெளியே காட்டவும் முடியாது.

ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணாரே, எனக்கு இன்னாம்மா ஆவும்?"

ஒன்றும் ஆகாது என்றேன். ஆனால் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் ராத்திரி முழுக்க நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

பல வாரங்கள் அவரோடு நான் பேசவில்லை. கடைசியில் அவரே கேட்டார். "இன்னும் எத்தினி நாளு இப்படியே இருப்ப?"

"காலையிலயே சொல்லியிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமோ இன்னாவோ. என் வாயாலயே பொய்யச் சொல்ல வச்சியே!"

"நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்த. அதான் சொல்ல முடியல," என்றார். அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, நம்பிக்கை வரவில்லை.

நான் தையல் கடைக்குப் போகிறேன். அவர் வீட்டில் இருக்கிறார். குடிக்க இப்போது வழியும் இல்லை, துணிவும் இல்லை. ஆனாலும் மாலையில் வந்து, "சாப்ட்டியா?" என்று கேட்டு, அவர் "சாப்ட்டேன்" என்று சொன்ன பிறகு, சத்தம் வராமல் சோற்றுப் பானையைத் திறந்து பார்க்கிறேன்.