பெயர் எழுதாத பெட்டி

பாவூர்சத்திரம் சந்தையில் என் மாமனாருக்குக் காய்கறிக் கமிஷன் கடை. அவர் அனுப்பும் எந்தப் பெட்டியும் கடையின் அடையாளமான இரண்டெழுத்தை நீல மையில் எழுதாமல் லாரி ஏறாது. சரக்கு நன்றாக இருந்தால் யார் அனுப்பியது என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, என் பெட்டியில் அவர் கை வைக்கும் வரை.

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது தென்காசி டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடியில் தங்கும் ரத்தத்தை வீணாக்காமல் சென்னையில் அதைச் சேமிக்கும் பொது வங்கிக்குக் கொடுக்கலாமாம். ரத்தப் புற்றுநோய் வந்த யாரோ ஒருவரைப் பிழைக்க வைக்க அது உதவுமாம். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றேன். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், யாரோ கொடுத்த இரண்டு பை ரத்தத்தில் பிழைத்தவள் நான். அந்த யாரோவுக்குப் பதிலுக்கு எதுவும் செய்யவில்லையே என்ற குறை மூன்று வருடமாக எனக்குள் கிடந்தது.

ஆனிச் சாரலில் ஒரு காலை மகள் பிறந்தாள். கொடியை வெட்டிய பிறகு நர்ஸ் அதிலிருந்த ரத்தத்தைப் பையில் பிடித்து, ஒரு பெட்டியில் வைத்து மூடினார். எனக்கும் வலிக்கவில்லை, அவளுக்கும் வலிக்கவில்லை.

"ரெண்டு நாளுக்குள்ள சென்னை போய்ச் சேரணும். அளவு பத்துமான்னு அங்க பாத்துத்தான் சொல்லுவாங்க" என்றார் டாக்டரம்மா.

பத்தாவிட்டால் அத்தனையும் வீண்.

சாயங்கால ரயிலில் என் கணவரே பெட்டியைக் கொண்டு போவதாக ஏற்பாடு. குற்றாலத்துக்குச் சீசன் குளியலுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் ஈரத் தலையோடு குழந்தை பார்க்க வந்து, அறை முழுக்க எண்ணெய் வாசனையும் சிரிப்புமாகக் கிடந்தது. அந்தக் கூட்டத்தில்தான் மாமனார் நுழைந்தார்.

"ஏலே, வெயிலு படாம மடியிலயே வச்சுக்கோ" என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெட்டியின் மூடியில் இரண்டெழுத்தையும் எழுதிவிட்டார்.

நர்ஸ் ஓடி வந்தார். "அண்ணாச்சி, இதுல பேரு எதுவும் எழுதக் கூடாது. நம்பர் மட்டுந்தான்."

"அனுப்புனவன் அடையாளம் இல்லாம சரக்கு போவுமா? நாப்பது வருசமா அனுப்புதேன், எனக்குத் தெரியாதா?"

படுத்திருந்த எனக்கு வந்ததே கோபம். "மாமா, அன்னைக்கு எனக்கு ஏத்துன பையில யாரு பேரு இருந்துச்சு?"

என் முதல் பிரசவத்தின்போது ஒரு கூடை மாம்பழத்தோடு ரத்த வங்கிக்குப் போய், கொடுத்தது யார் என்று கேட்டுக் கேட்டு, சொல்ல மாட்டோம் என்றதும் கூடையோடு திரும்பி வந்தவர் அவர்தான். தோளில் கிடந்த துண்டின் நுனியை நனைத்து, மை போகும் வரை தானே துடைத்தார்.

மறுநாள் காலையே பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அளவைப் பற்றித்தான் தகவல் இல்லை. சந்தையிலிருந்து மாமனார் தினமும் போன் செய்வார். "என்னம்மா, சொல்லிட்டாவளா?" நான் எரிந்து விழுவேன். என் பயம் எனக்கு.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து அழைத்தார்கள். அளவு போதும், சோதனையிலும் குறையில்லை, சேமித்துவிட்டோம் என்றார்கள். நான் சத்தமாகச் சிரித்ததில் தூங்கிய பிள்ளை விழித்து அழுதது. அப்படியொரு சந்தோஷம். உடனே மாமனாரை அழைத்தேன்.

"எடுத்துக்கிட்டாங்களாம் மாமா!"

"நல்லதும்மா" என்று சந்தையின் ஏலச் சத்தத்துக்கு நடுவே சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் கடை வாசலில் ஒரு கூடை மாம்பழத்தை வைத்துக்கொண்டு, சுமை தூக்குகிறவர், டெம்போ டிரைவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் என்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாராம். வீட்டுக்கு வெறுங்கூடையோடுதான் வந்தார்.

"எனக்கு ஒண்ணுகூட இல்லையா மாமா?" என்றேன்.

"அன்னைக்கு உனக்கு ரத்தம் குடுத்தது யாருன்னு தெரியாதுல்லா? இன்னைக்குப் பழம் வாங்குனவங்கள்ல ஒருத்தரா இருந்தா?" என்றார்.