கஞ்சி போட்ட பாராசூட்

தோமினிக்கிற்கு வானத்திலிருந்து ஒரே ஒரு தடவை குதிக்க வேண்டும். அதுவும் தன் கையால் மடித்த பாராசூட்டோடு. வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை என்று என் அப்பா சொல்வார்.

சேலத்தில் ஒரு லாரிப் பட்டறைக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தவர் அவர். உலகச் சண்டையின்போது பட்டாளத்தில் இருந்தார். ஒரு காது சரியில்லை என்று குதிக்கிற வேலைக்கு அவரை எடுக்கவில்லை. குதிக்கிறவர்களுக்குப் பாராசூட் மடித்துக் கொடுக்கும் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். நீள மேசை, மேசை நிறையப் பட்டுத்துணி. ஒவ்வொரு மடிப்பையும் நீவி, கயிறுகளைச் சிக்கில்லாமல் அடுக்கி, பைக்குள் அடக்கி, அதில் தொங்கும் அட்டையில் மடித்தவன் கையெழுத்துப் போட வேண்டும். மேலே போனவன் உயிருக்கு அந்தக் கையெழுத்துதான் ஜவாப்தாரி. தோமினிக் கையெழுத்துப் போட்டது எதுவும் விரியாமல் போனதில்லை. ஆனால் விரிந்ததையெல்லாம் அவர் தரையில் நின்று அண்ணாந்துதான் பார்த்தார்.

"பந்திக்குப் பந்தி பரிமாறிட்டுப் பசியோட ஊடு திரும்புனவன்" என்பார் அப்பா. அப்பா காளியண்ணன், பரமத்தி வேலூரில் மாட்டுத் தரகர். மாடு ஏற்றுகிற லாரிக்குத் தார்ப்பாய் வாங்கப் போய் தோமினிக்கோடு சிநேகமானவர்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. தொடர்ந்து மழை பொய்த்து, சேலத்துக்கு வெளியே இருந்த ஏரி முதலில் பாளம் பாளமாக வெடித்தது. பிறகு ஆடுமாடு மிதித்து மிதித்துக் களம் போலச் சமமாகிவிட்டது. அந்த ஏரிக்குள் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. பாலசுந்தரம் என்ற பைலட், ஊர் ஊராகப் போய், காசு கொடுப்பவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுபவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோமினிக் அவரிடம் போனார்.

"ஏனுங்க, நடுவுல இறங்கிக்கலாமுங்களா?"

பைலட் சிரித்தார். தோமினிக் சிரிக்கவில்லை என்று கண்டதும் நின்று விசாரித்தார். பட்டாளத்துக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சொந்தமா பாராசூட் கொண்டு வாங்க, ஏத்திக்கிறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான். அப்புறம் வடக்க போயிருவேன். உசுரோட இறங்குனா டிக்கெட் காசு வாபஸ்."

சைக்கிளை விற்றார் தோமினிக். போதவில்லை. மனைவி சகாயம்மாள் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போட்டாள். மூன்றாம் நாள் காதுத் தோட்டைக் கழற்றி அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வாங்கறதுதான் வாங்கறீங்க, நல்லதாப் பாத்து வாங்குங்க. சாகறதுக்கு என் தோட்டக் குடுக்கல."

கோயம்புத்தூரில் பட்டாளத்து ஏலச் சாமான் விற்கிற கொட்டகைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் குமாரசாமி. தண்ணீர்ப் புட்டி, பூட்ஸ், கொசுவலை என்று மலையாகக் குவிந்து கிடந்ததற்குப் பின்னால் பாராசூட்டுகள் இருந்தன. முழு செட்டாக இருந்தவற்றின் விலையைக் கேட்டதும் தோமினிக் கையை எடுத்துக்கொண்டார். குமாரசாமி ஒரு மூட்டையைக் காலால் தள்ளிக் காட்டினார். "இது சல்லிசு. கெட்டித் துணி."

"இது சாமான் எறியற குடைங்க. ஆளத் தாங்காது."

"நீ என்ன, சாமானுக்கு மேல கனமா இருக்கற?" என்றார் அப்பா.

கடைசியில் ஒரு பட்டுக்குடை அகப்பட்டது. மக்கல் நாற்றம்; ஓரத்தில் பழுப்புக் கறை. தோமினிக் அதை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய் கண்டம் கண்டமாகத் தடவிப் பார்த்தார். அப்பா சொல்வார், கன்றுக்குட்டியின் வாயைப் பிளந்து பார்க்கிற தரகன்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான் என்று. துணி நன்றாக இருந்தது. தோளிலும் தொடையிலும் மாட்டுகிற வார்கள் வேறொரு செட்டிலிருந்து கிடைத்தன. முதுகுப்பை இல்லை, அதைத் தார்ப்பாயில் தானே தைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் குடை ஏமாற்றினால் இழுப்பதற்கு நெஞ்சில் கட்டுகிற இரண்டாவது சின்னக் குடையும் கடையில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

நான் பிழைக்க வந்திருக்கிற இந்தச் சீமையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளசுகள் விளையாட்டாகக் குதிக்கிறார்கள். எல்லோருக்கும் இரண்டு குடை. அப்படியும் குடை விரிகிறவரை நான் கண்ணை எடுப்பதில்லை.

விலையை அப்பா சந்தை வழக்கப்படியே பேசினார். துண்டை விரித்துக் குமாரசாமியின் கைமேல் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்தார். "இதென்ன மாடா?" என்று குமாரசாமி சிரித்தாலும், கொங்குக்காரர் கை தானாகப் பேசத் தொடங்கிவிட்டது. இரண்டு பேரும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வெகுநேரம் நின்றார்கள். துண்டை எடுத்தபோது தோமினிக்கின் காசுக்குள் விலை முடிந்திருந்தது, ரயிலுக்கும் மிஞ்சியது. வண்டியில் அந்த மூட்டையை மடியிலிருந்து அவர் இறக்கவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்து பையைத் தைத்து முடித்தார். துணியை நிழலில் காற்றாட விட்டார். வெள்ளிக்கிழமை பட்டறை முதலாளி, திருச்செங்கோட்டில் ஒரு லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்துவிட்டு வரும்படி அனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் திரும்பினார். அப்பாவும் மறுநாள் வேடிக்கை பார்ப்பதற்காக அவரோடு சேர்ந்து வந்தார்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் மூங்கில் ஊன்றி, தறிக்குப் பாவு நூல் விரிப்பதுபோலப் பாராசூட்டை இழுத்துக் கட்டியிருந்தது. சகாயம்மாள் கையில் பிரஷ்ஷோடு, கயிறு கயிறாக நீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்டா. அண்டாவில் அரிசிக் கஞ்சி.

அவள் வெண்ணந்தூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். அந்த வீடுகளில் நூலுக்கு உயிர் கஞ்சிதான். கஞ்சி ஏறாத நூல் தறியில் நிற்காது, அறுந்து போகும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்த உண்மை அது.

"ஏனுங்க, வந்து தொட்டுப் பாருங்க" என்றாள். கஞ்சியில் வெந்த விரல்கள் சிவந்திருந்தன. "தொட்டாப் பட்டாம்பூச்சி றெக்கையாட்டம் நழுவுச்சு. அதை நம்பியா உங்கள மேல அனுப்பறது? அலசி, ரெண்டு வாட்டி கஞ்சி ஏத்தியிருக்கேன். இனி கல்லக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும்."

தோமினிக் ஒரு மடிப்பைப் பிடித்தார். அப்பளம்போல நின்றது. ஒட்டியிருந்த இரண்டு பக்கத்தைப் பிரித்தபோது சடசடவென்று சத்தம் வந்தது. காற்றுப் பட்டதும் நழுவி விரிய வேண்டிய துணி அது.

அப்பா வாயைத் திறந்தார். தோமினிக் அவர் கையை அழுத்திப் பிடித்தார்.

"நல்லா ஏத்தியிருக்க, சகாயம்" என்றார்.

தெருமுனைக்கு வந்த பிறகு தோமினிக் சொன்னார்: "அலசிரலாம். நல்ல தண்ணியில நாலஞ்சு வாட்டி அலசுனா கஞ்சி போயிரும்." இரண்டு பேரும் கிணறு கிணறாகப் போனார்கள். எங்கும் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. அடியில் சேறு கலங்கியது. ஒரு கிணற்றடியில் மாரியாயி என்றொரு கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "குடிக்கறதுக்கு ஒரு சொம்பு கெடைக்கல. நீ குடையக் குளிப்பாட்ட வந்தியா, ராசா?" பெண்களெல்லாம் சிரித்தார்கள். சகாயம்மாள் கஞ்சிக்கான தண்ணீரையே சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாளாம்.

"எங்கூருக்கு வந்துரு. காவேரியில அலசலாம்" என்றார் அப்பா.

"போயி, அலசி, காயவெச்சு, திரும்பி வந்து மடிக்கணுமே. பைலட்டு நாளைக்கே போறாருப்பா." சிறிது தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "ஏரியில தண்ணி இருந்திருந்தா அலசியிருக்கலாம். ஏரியில தண்ணி இருந்திருந்தா பிளேனே வந்திருக்காது."

ஞாயிறு காலை, தரையில் பாயை விரித்து அதன்மேல் குடையை மடித்தார். ஒவ்வொரு மடிப்பையும் நீவினார், அது நிமிர்ந்தது. மறுபடி நீவினார். பையில் அடக்கியபின், பட்டாளத்துப் பழக்கத்தில் ஓர் அட்டையைக் கட்டி, பென்சிலை நாக்கில் தொட்டு எடுத்தார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பென்சில் அட்டைமேல் நின்றது, எழுதவில்லை.

பூசை முடிந்து மாதா கோயில் ஜனம் மொத்தமும் ஏரிக்கு வந்திருந்தது. விமானத்தின் காற்றாடி சுற்றத் தொடங்கியது. "என்ன, ரெடியா?" என்று பைலட் கத்தினார். தோமினிக் பின்னால் பார்த்தார். சகாயம்மாள் முக்காட்டுக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, அவர் முதுகுப்பைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"இல்லீங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவளுக்குக் கேட்கும்படிச் சத்தமாகச் சொன்னார்.

கூட்டம் ஊளையிட்டது. பைலட் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரமே மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் ஏறியது. அந்த விமானம் பிறகு வரவில்லை.

பட்டறையில் தூறல் விழுந்தால் போதும்: "குடைக்காரரே, பாத்து, பூமி ரொம்பக் கீழ இருக்கு!" என்று கூட வேலை செய்கிறவர்கள் கத்துவார்கள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். சகாயம்மாள், அவர் மனதில் பயத்தைப் போட்டதற்காக மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். குடையைக் கோயிலுக்குக் கொடுத்தாள். வருடா வருடம் மாதா தேருக்கு மேற்கட்டியாகக் கட்டினார்கள். வருடா வருடம் அவளே கஞ்சி போட்டாள்.

அறுபத்துநாலில் அப்பா ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தார். தேர் நிலைக்கு வந்தபின் மேற்கட்டியை அவிழ்த்துப் போட்டு, கோயில் கூடத்தில் மண்டிபோட்டபடி தோமினிக் மடித்துக்கொண்டிருந்தார். கண்டம் கண்டமாக, கயிற்று ஓட்டையெல்லாம் ஒரே நேராக.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இப்பவாச்சும் அவகிட்டச் சொல்லேம்ப்பா."

"தோட்டக் குடுத்தா. கைய வேகவெச்சுக்கிட்டா. இதையும் சொல்லி எதை மிச்சம் வெக்கறது?"

அந்த நேரம் சகாயம்மாள் காபியோடு வந்தாள். குனிந்து துணியின் ஓரத்தை விரலால் சுண்டினாள், டொக்கென்றது. ஏனோ அன்றைக்கு அவளுக்கு மனசு இளகியிருந்தது.

"ஒரு தடவ ஏறிப் பாத்திருக்கலாமுங்க" என்றாள். "வீணாப் பயந்துட்டீங்க. நான்தான் அவ்வளவு கெட்டியாக் கஞ்சி போட்டிருந்தேனே."

"ஆமா" என்றார் தோமினிக். நிமிர்ந்து நின்ற மடிப்பை மறுபடி நீவினார்.